முறுக்கு என்ற நாயும் அழியாத கோலமும்

முன்னொரு காலத்திலே, நரி பல்லாங்குழி ஆடி, முதலை அதற்குச் சோழி எண்ணிக் கொடுத்த காலத்திலே, மருதங்கோட்டை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. கேளுங்கள். குழந்தைகளும் கேளுங்கள், குழந்தையைத் தூங்க வைக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களும் கேளுங்கள்.

அந்த ராஜ்யத்துக்கு ராஜா சிங்கவேள். ராணி வடிவாம்பாள். அவர்களுக்கு ஒரு பிள்ளை, விசயமாறன். ஒரு பெண், தேனம்மை. அப்புறம் ஒரு நாய். பால் நிறத்தில் இருக்கும். வால் மட்டும் எண்ணெய்ச் சட்டியில் பிழிந்து எடுத்த மாதிரி சுருண்டிருக்கும். அதனால் அதன் பெயர் முறுக்கு.

ஆனி மாசம் விசயமாறன் வேட்டைக்குப் புறப்பட்டான். "நீ வீட்டைப் பார்த்துக்கடா" என்று முறுக்கின் காதைத் திருகிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, ஐப்பசி மழையும் கொட்டி ஓய்ந்தது. பிள்ளை வரவில்லை.

அவன் போன அதே வாரம் ஒருவன் வந்து சேர்ந்தான். மந்திரவாதி தூமகேது. கையில் ஒரு வெள்ளிச் சிமிழ், அதில் வைரத்தை இடித்த மாதிரி பளபளவென்று ஒரு பொடி.

"அரிசிமாவுக் கோலமா போடறீங்க, ராணியம்மா? எறும்பு தின்னும், காத்து கலைக்கும், மழை கரைக்கும். என் பொடியில ஒரே ஒரு கோலம். எறும்பு தின்னாது, காத்து கலைக்காது, மழை கரைக்காது" என்றான்.

நித்தமும் குனிந்து நிமிராமல் கோலம் கிடைக்கும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ராணி தலையாட்டிவிட்டாள். கோட்டை வாசலில் அவனே போட்டான். அடேயப்பா, என்ன கோலம்! நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றிச் சுழி, சுழியைச் சுற்றிச் சுழி. பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஓரமாய் ஒதுங்கி, கோலத்தைச் சுற்றியே நடந்தார்கள். ராஜாவும் சுற்றியே நடந்தார். காவலாளியும் சுற்றியே நடந்தான். வாசல் கோலத்தை மனுஷர் யாராவது மிதிப்பார்களா?

அதற்கப்புறம்தான் முறுக்கு நக்க ஆரம்பித்தது.

சும்மா நக்கல் இல்லை. சளக் சளக் சளக் என்று, சோறு மறந்து, தூக்கம் மறந்து, முன்காலை நக்கியது, பின்காலை நக்கியது, வயிற்றை நக்கியது. நக்கி அலுத்தால் முன்பல்லால் விரலிடுக்கை நறுநறுவென்று கடித்தது. கடித்து அலுத்தால் ராஜாவின் ரத்தினக் கம்பளத்தில் தேய்த்தது. பால் நிறப் பாதமெல்லாம் எச்சில் ஊறி ஊறித் துருப்பிடித்த ஆணி நிறத்துக்கு மாறிவிட்டது.

வைத்தியம் பார்க்காமல் இருப்பார்களா? பார்த்தார்கள். எப்படிப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

முதலில் ராஜவைத்தியர் வந்தார். "நக்கினா கசக்கணும். கசந்தா நக்காது" என்று வேப்பிலையை அரைத்துக் காலில் அப்பினார். முறுக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே அத்தனையையும் நக்கித் தின்றது. அப்புறம் சளக் சளக் சளக்.

இரண்டாவதாக ராணி வந்தாள். "நாத்தம் அடிக்குது, அதான்" என்று தினம் தினம் சீயக்காய் போட்டுத் தேய்த்து, சந்தனமும் ஜவ்வாதும் பூசிக் குளிப்பாட்டினாள். தோல் வறண்டு, பொருக்குத் தட்டி, வயிறெல்லாம் சொறி ஆகிவிட்டது. நாய்க்கு எதற்கு ஜவ்வாது என்று அந்த அம்மாளை யார் கேட்பது? அப்புறம் சளக் சளக் சளக்.

மூன்றாவதாக சேனாதிபதி வந்தார். அடி பிரித்த மூங்கில் கூடை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார். வாய் காலுக்கு எட்டவில்லை. நக்கல் நின்றது. சபையே கைதட்டியது. பாவம், முறுக்கு ராத்திரி பகலாக அழுதது. கால் வீங்கிச் சிவந்தது. கூடையையும் பிய்த்துவிட்டது. அப்புறம் சளக் சளக் சளக்.

மூன்று பேரும் நாக்கைத்தான் பார்த்தார்கள். காலைத் தூக்கி விரலிடுக்கில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் குனிந்து பார்க்கவில்லை.

தைப்பூசம் நெருங்கியது. அதற்குள் பிள்ளை வராவிட்டால் தூமகேதுவைச் சுவீகாரம் எடுத்துப் பட்டம் கட்டுவதாக ராஜா வாக்குக் கொடுத்திருந்தார். மனசு உடைந்த மனுஷர், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் தூமகேது தொண்டையைக் கனைத்தான்.

"மகாராஜா, நாய் தன் உடம்பையே நக்குறது வம்சத்துக்கு ஆகாது. பிள்ளை வராததுக்கு அதுதான் காரணம். சாயங்காலம் விளக்கு வைக்கிறதுக்குள்ள அதோட நாக்கை அறுத்துடணும்."

தேனம்மையின் கையில் இருந்த அப்பளம் நொறுங்கியது.

"நாக்கையா? அப்பா! அண்ணனோட நாய்ப்பா அது!"

ராஜா இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்ணன் வரணும்னாதாம்மா."

தேனம்மை பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். நேராகக் கொல்லைப்புறம் போய் முறுக்கை மடியில் போட்டுக்கொண்டாள்.

"காட்டுடா காலை. கடிச்சே, தொலைச்சுடுவேன்."

காட்டியது. விரல்களை விரித்துப் பார்த்தாள். ஐயையோ! விரலிடுக்கெல்லாம் பச்சை ரணம். தொட்டால் அடுப்புக்கல் மாதிரி சுட்டது. ரணத்துக்குள்ளே பளிச் பளிச்சென்று ஏதோ மின்னியது.

"அடப்பாவமே! வலிக்கிற இடத்தைத்தானேடா நக்குறே! இதுக்கா உன் நாக்கை அறுக்கணும்?"

வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் ஊற்றி, ஒவ்வொரு காலாக முக்கி, ஒவ்வொரு விரலிடுக்காகக் கழுவினாள். பழைய வேட்டித் துணியால் ஈரம் போக ஒற்றினாள். சீயக்காய் இல்லை, சந்தனம் இல்லை. தண்ணீரும் துணியும்தான். முறுக்கு பெருமூச்சு விட்டது. ஒருமுறை காலை முகர்ந்தது. நக்கவில்லை! தலையைச் சாய்த்துக் குறட்டை விட்டது. தேனம்மை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழுகை ஓய்ந்து அவள் தாம்பாளத்து அழுக்குத் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிட்டு வருவதற்குள் முறுக்கு எழுந்துவிட்டது. நேராக அடுக்களைக்குள் நுழைந்தது. சமையல்காரி, "திருட்டு நாயே!" என்று கத்த, வாயில் ஒரு பணியாரத்தோடு வெளியே பாய்ந்தது. தின்னவில்லை. வாசலுக்கு ஓடியது. கோலத்தைச் சுற்றிப் போகவில்லை. நாய்க்கு ஏது கோலமும் ஓரமும்? குறுக்கே, நேர் குறுக்கே, நொண்டி நொண்டி மிதித்துக்கொண்டு ஓடியது. பொடி பட்ட ஒவ்வொரு அடிக்கும் 'வீல்' என்றது. அப்படியும் நிற்கவில்லை.

கோலத்துக்கு அந்தப் பக்கம் வெறும் வெளி. அங்கே போய் வாலாட்டி, தலையைத் தூக்கியது.

பணியாரம் அதன் வாயிலிருந்து மேலே எழும்பியது. தானாக! ஆள் உயரத்துக்குப் போய் அந்தரத்தில் நின்றது. அதில் ஒரு கடி காணாமல் போனது. இன்னொரு கடி காணாமல் போனது. மூன்றாவது கடியில் பணியாரமே இல்லை.

தாம்பாளத்தோடு பின்னாலேயே ஓடிவந்த தேனம்மை, வாசற்படியில் நின்று இதைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

முறுக்கு அதே வழியாகக் கோலத்தை மிதித்துக்கொண்டு திரும்பி வந்தது. வந்ததும் வராததுமாக சளக் சளக் சளக். தேனம்மை வாசற்படியிலேயே தாம்பாளத்தை வைத்து, புதுத் தண்ணீர் ஊற்றித் திரும்பவும் நாலு காலையும் கழுவினாள். தண்ணீர் முழுக்கப் பொடி மின்னியது. கோலப்பொடி! மனுஷர் மிதிக்காத கோலம், அதனால் மனுஷர் யாருக்கும் தெரியாத எரிச்சல்.

கோபத்தில் கையை உதறினாள். நாலு சொட்டு கோலத்தின் ஓரத்தில் தெறித்தது. 'சுர்'ரென்று ஒரு சத்தம். மழைக்கே கரையாத கோலத்தில் ஒரு சுழி அழிந்துபோனது!

அந்த இடைவெளிக்கு அப்பால் ஒரு கால் தெரிந்தது.

ஆமாம், வெறும் கால். கணுக்காலுக்கு மேலே ஒன்றும் இல்லை. கட்டைவிரல் நகம் இரண்டாகப் பிளந்திருந்தது. அந்த நகம் யாருடையது என்று தேனம்மைக்கா தெரியாது? சின்ன வயசில் அம்மிக்குழவியைப் போட்டு அதை நசுக்கியதே அவள்தானே!

"அண்ணா!"

அதற்குள் பின்னால் மேளச் சத்தம். ராஜா வந்தார், ராணி வந்தாள், சேனாதிபதி வந்தார், கத்தியோடு காவலாளிகள் வந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் தூமகேது. அழிந்த சுழியைப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"இளவரசி, அந்த அழுக்குத் தண்ணியை அந்தாண்டை கொட்டுங்க."

"கொட்டத்தானே போறேன்" என்றாள் தேனம்மை. தாம்பாளத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். செருப்பை உதறினாள். வெறுங்காலைத் தூக்கிக் கோலத்தின் மேல் வைத்தாள்.

"ஐயோ! கோலத்தை மிதிச்சுட்டா!" என்று ராணி தலையில் கைவைத்தாள். மேளக்காரன் கையிலிருந்து கோல் நழுவியது.

எரிந்தது. அப்பப்பா, மிளகாய் அரைத்த அம்மியில் புண்காலை வைத்த மாதிரி எரிந்தது. இதை மிதித்துக்கொண்டா இந்த நாய் தினம் போய் வந்தது! பல்லைக் கடித்து அடுத்த அடி வைத்தாள்.

"பிடிங்கடா அவளை!" என்று தூமகேது அலறினான்.

காவலாளிகள் பாய்ந்தார்கள். கோலத்தின் ஓரம் வந்ததும் சட்டென்று நின்றார்கள். பெரிய காவலாளி தலையைச் சொறிந்தான். "கோலத்தை எப்படிங்க மிதிக்கிறது? வீட்டுல பொம்பளைங்க சோறு போடமாட்டாங்க."

"அப்ப நீயே வந்து பிடிய்யா, தூமகேது" என்றாள் தேனம்மை. "உன் பொடிதானே? வந்து மிதி பார்ப்போம்!"

அவன் காலைத் தூக்கினான். பொடியைப் பார்த்தான். காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். ராஜா அதைப் பார்த்தார்.

தேனம்மை நடுப்புள்ளிக்கு வந்துவிட்டாள். முறுக்கின் கால் கழுவிய தண்ணீரை, அதன் எச்சிலும் ரத்தமும் கலந்த தண்ணீரை, அப்படியே புள்ளியின் மேல் கவிழ்த்தாள்.

சுர்ர்ர்! புகை எழும்பியது. சுழி சுழியாகக் கோலம் கரைந்தது. புகை விலகியபோது அங்கே விசயமாறன் நின்றான். தாடி மார்பு வரைக்கும், உடம்பு ஈர்க்குச்சி, துணி கந்தல். ஆனி மாசத்து வேட்டைச் செருப்பு வாரறுந்து பக்கத்தில் கிடந்தது.



"எத்தனை மாசமா இங்கேயே நின்னு கத்துறேன்! ஒருத்தருக்குக்கூடக் காது கேக்கலையா?" என்றான். "என் பேரைச் சொல்லி நடுப்புள்ளி வச்சான் இந்தப் படுபாவி. உள்ளே வர முடியலை, திரும்பிப் போகவும் முடியலை. முறுக்கு கொண்டாந்து போட்டதைத் தின்னுதான் உசிரோட இருக்கேன். அம்மா, பசிக்குதும்மா!"

ராணி, "என் கண்ணே!" என்று ஓடினாள். சிங்கவேள் ராஜா ஓடவில்லை. கத்தி வைத்திருந்த காவலாளியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். நாக்கை அறுக்கச் சொன்ன வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. தரையில் மிச்சமிருந்த பொடி அத்தனையும் 'விர்'ரென்று எழும்பித் தூமகேதுவின் மேல் போய் அப்பியது. விரலிடுக்கில், அக்குளில், கழுத்து மடிப்பில். "ஐயோ! அம்மா!" என்று சொறிந்தான். மண்ணில் புரண்டான். போதவில்லை. கடைசியில் முன்கையை வாய்க்குக் கொண்டுபோனான். சளக் சளக் சளக்!

"பாவம், ரொம்ப நக்குறான்" என்றார் சேனாதிபதி. அடி பிரித்த மூங்கில் கூடை ஒன்று புதிதாகக் கொண்டுவந்து அவன் கழுத்தில் மாட்டினார். கூடையும் கழுத்துமாக எல்லை தாண்டி ஓடியவன், அப்புறம் மருதங்கோட்டைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கூடை அகலம், எங்கே படுப்பான்?

அன்றைக்கு விளக்கு வைத்த நேரத்தில் அதே பித்தளைத் தாம்பாளத்தில் தேனம்மையின் காலை ராணி கழுவினாள். முறுக்கின் காலை ராஜா கழுவினார். கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து, விரலிடுக்கெல்லாம் ஒற்றி ஒற்றித் துடைத்தார். அதற்கப்புறம் முறுக்கு வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம் அது அவர் வேலை. வேறு யாரையும் செய்ய விடவில்லை. ரணம் ஆறியது, பால் நிறம் திரும்பியது.

வாசலில் ராணி மறுபடி அரிசிமாவில் கோலம் போட்டாள். எறும்பு தின்றது, காற்று கலைத்தது, மழை கரைத்தது. மறுநாள் குனிந்து இன்னொன்று போட்டாள்.

ஒருநாள் காலை முறுக்கு ஈரக் கோலத்தைக் குறுக்கே மிதித்துக்கொண்டு உள்ளே வந்து படுத்தது. காலை வாய்க்குக் கொண்டுபோனது. சளக்!

அரண்மனையே அலறியது. ராஜா தாம்பாளத்தோடு ஓடிவந்தார். தேனம்மை மண்டியிட்டு விரல்களை விரித்துப் பார்த்தாள். அரிசிமாவு. வெறும் அரிசிமாவு. ருசி பார்த்த முறுக்கு, எல்லாரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, விசயமாறனின் பிளந்த கட்டைவிரல் மேல் மோவாயை வைத்துத் தூங்கிப்போனது.

அது தூங்கிவிட்டது. இனி நீங்களும் தூங்கலாம்.