சேதி சொல்லப் போன சருகுமான்

பூவாத்தாவுக்கு ஒரே பயம். சொல்ல வேண்டிய சேதியைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று!

பூவாத்தா ஒரு சருகுமான். முயல் அளவுதான் இருப்பாள். கால்கள் நான்கும் குச்சி குச்சியாக இருக்கும். பயம் வந்தால் அந்தக் கால்கள் சும்மா இருக்காது. குளம்புகள் 'தடதடதட' என்று தரையில் தாளம் போடத் தொடங்கிவிடும். பயம் வராத நாளும் அவளுக்குக் கிடையாது. இலை விழுந்தால் தடதட! விழ வேண்டிய இலை விழாமல் தொங்கினாலும் தடதட!

அந்த வருஷத்து ஐப்பசி பொல்லாத ஐப்பசி. காப்பித் தோட்டத்துக்கு மேலே இருந்த காட்டில் பிடித்த மழை விடவே இல்லை. பழங்கள் அழுகின. ஓடை தன் கரையையே தின்றது. வெயில் எப்படி இருக்கும் என்பதே எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

நரி நல்லதம்பிக்கும் வயிறு காய்ந்தது. உட்கார்ந்து யோசித்தான்.

'இந்தக் காட்டில் ஒருத்தரைத் தொட்டால் நாலு பேர் கத்துகிறார்கள். இவர்களை ஒருவருக்கொருவர் பேசாமல் செய்துவிட்டால்? யார் காணாமல் போனாலும் யாருக்கும் தெரியாதே!'

நினைத்ததுமே நாக்கில் எச்சில் ஊறியது. நேரே பூவாத்தாவின் மரப்பொந்துக்கு வந்து நின்றான்.

"தங்கச்சி, விஷயம் தெரியுமா? மலைக்குச் சிறுத்தை வந்திருக்கு!"

தடதடதட!

"பயப்படாதே! மழை நிக்கிற வரைக்கும் அவங்கவங்க பொந்துல தனித்தனியா இருக்கணும். வாயைத் திறக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்! இதை எல்லார்கிட்டேயும் நீதான் போய்ச் சொல்லணும்."

"நானா? நீங்களே சொல்லக் கூடாதாண்ணே?"

"நான் சொன்னா எவன் நம்புவான்? நீ சொன்னா காடே நம்பும். சொல்லிட்டு நேரா உன் பொந்துக்கு வந்து படுத்துக்கோ. ஒத்தையிலே!"

அப்படிச் சொன்னபோது அவன் அவளுடைய தொடையையே பார்த்தான். அவளுக்கு அது தெரியவில்லை. அவள் அப்போதே சேதியை மனப்பாடம் பண்ணத் தொடங்கியிருந்தாள்.

"தனியா இருக்கணும், வாயைத் திறக்கக் கூடாது, கூப்பிட்டா... கூப்பிட்டா வாயைத் திறக்கணுமா? ஐயோ, இல்லே! சிறுத்தைதான் தனியா இருக்கணுமா?"

ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வந்தது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொன்னால் ஓரிடத்தில் ஒன்று விட்டுப்போகும். இன்னோரிடத்தில் ஒன்று கூடிப்போகும். அதனால் யாராவது செத்துப்போனால்? பூவாத்தாவால்தான் செத்தார்கள் என்று ஆகிவிடாதா?

கவலைப்பட்டுக் கவலைப்பட்டு, கடைசியில் அவளுக்கு ஒரு நல்ல யோசனை வந்தது. எல்லோரையும் ஒரே இடத்துக்குக் கூப்பிட்டு, ஒரே தடவையில் சொல்லிவிடலாம்!

தனித்தனியாக இருங்கள் என்று சொல்வதற்காக, கொட்டுகிற மழையில் ஓடி ஓடி எல்லோரையும் ஒன்றாகக் கூட்டினாள் பூவாத்தா!

"மரநாய் ராக்காயி அக்கா குகைக்கு வாங்க! அங்கேதான் ஒழுகாது! உசிர் போற சேதி!"

ராக்காயியின் குகையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தோட்டக்காரர்கள் தூக்கியெறிந்த நசுங்கிய சட்டியில் அவள் காப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். வாசனை குகைவாசலைத் தாண்டி வந்து ஆளை உள்ளே இழுத்தது.

முதலில் வந்தவர் முள்ளம்பன்றி சடையாண்டி. வயசானவர். எதற்கும் முகத்தைச் சுளிப்பவர். "சேர்த்துவச்ச கிழங்கெல்லாம் தண்ணியிலே போச்சு. இனிமே எந்தச் சேதி வந்து என்ன ஆகப்போகுது!" என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தார்.

அடுத்து சீட்டியடிக்கும் குருவி முத்தையா வந்தான். அவனுடைய கூட்டை ஓடை கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து அவன் சீட்டியடிப்பதையே விட்டுவிட்டான். ஒரு மூலையில் போய் இறகைச் சிலுப்பிக்கொண்டு சும்மா நின்றான்.

பூவாத்தா தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "அது வந்து... தனியா..."

"அடியே, நடுங்குறியே! முதல்ல இதைக் குடி. சேதி எங்கேயும் ஓடிப்போகாது!" என்று சொல்லி, ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையக் கடுங்காப்பியை ராக்காயி நீட்டினாள். மலைத்தேன் விட்ட காப்பி!

"வேண்டாங்க்கா! காப்பி குடிச்சா நெஞ்சு படபடன்னு அடிக்குமாமே!"

"உனக்கு அது புதுசா?"

சடையாண்டி ஒரு மிடறு குடித்தார். சுளித்த முகம் தானாக விரிந்தது. "அடடா! ராக்காயி, இந்தக் கொட்டை ஏது?"

"தோட்டத்துப் பழத்தைத் தின்னேன். கொட்டை கிடைச்சுது."

"தின்ன பழத்திலேருந்து கொட்டை எப்படி..."

"மாமா! குடிக்கிறதைக் குடிங்க! அது வந்த வழியைக் கேட்காதீங்க!"

முத்தையாவுக்குப் புரை ஏறிவிட்டது. பூவாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் காப்பி நன்றாக இருந்தது. சூடு தொண்டையில் இறங்கி, வயிற்றில் பரவி, நான்கு கால்களுக்கும் போய்ச் சேர்ந்தது. தடதடதட! தடதடதட!

"எதுக்குப் புள்ள பயப்படுறே?" என்றார் சடையாண்டி.

"பயமே இல்லீங்க மாமா! கால் அதுவாவே ஆடுது!"

"எனக்கும்தான் முதுகு என்னவோ பண்ணுது!" சடையாண்டியின் முட்கள் சிலிர்த்து ஒன்றோடொன்று உரசின. கலகலகல! அது பூவாத்தாவின் தடதடவோடு சரியாகப் போய் ஒட்டிக்கொண்டது. தடதட கலகல! தடதட கலகல!

ராக்காயி சட்டியைக் கரண்டியால் தட்டினாள். மூலையில் நின்ற முத்தையா தலையைத் தூக்கினான். எத்தனையோ நாளாக அடைத்துக்கிடந்த சீட்டி, வளைந்து நெளிந்து குகையெல்லாம் சுற்றியது!

ராக்காயி பாட்டுக்கு அடி எடுத்துக் கொடுத்தாள். எல்லோரும் பாடினார்கள்.

"மழைக்கு என்ன வேலை? மேலே இருந்து கீழே!
நமக்கு என்ன வேலை? இன்னும் ஒரு சிரட்டை!"

சடையாண்டி ஆடினார்! அவர் ஆடினால் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. "மாமா, முள்ளு! முள்ளு!" என்று கத்திக்கொண்டே மற்றவர்கள் குகையைச் சுற்றி ஓடினார்கள். ஓடுகிறவர்களைப் பார்த்து, அதுவும் ஒரு ஆட்டம் என்று நினைத்து, அவர் இன்னும் வேகமாக ஆடினார்!

மூன்றாவது சிரட்டையில்தான் பூவாத்தாவுக்கு ஞாபகம் வந்தது.

"ஐயோ! சேதி! சேதியைச் சொல்லவே இல்லையே!"

பாட்டு நின்றது. பூவாத்தா கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள். "மலைக்குச் சிறுத்தை வந்திருக்காம்! எல்லாரும் தனித்தனியா இருக்கணும்! வாயைத் திறக்கக் கூடாது! யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது!"

ஒரு சொல் தப்பவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்புள்ள, தனியா இருங்கன்னு சொல்லவா எங்களை இப்படி ஒண்ணாக் கூட்டினே?" என்று கேட்டார் சடையாண்டி.

ராக்காயி விழுந்து புரண்டு சிரித்தாள். முத்தையா சிரித்துச் சிரித்துத் தேன் கிண்ணத்துக்குள் விழுந்தான். பூவாத்தாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்புறம் அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுக்குப் புதிதாக ஒரு கவலை வந்தது.

"சிரிக்காதீங்க! நான் கூப்பிட்டு நீங்க பதில் சொல்லலேன்னா, நீங்க உசிரோட இருக்கீங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சிரிப்பு சட்டென்று அடங்கியது.

"இந்தச் சேதியை யாருடி உன்கிட்டே சொன்னது?" என்றாள் ராக்காயி.

"நரியண்ணன்..."

சொல்லி முடிப்பதற்குள் குகைவாசலில் நிழல் விழுந்தது. நல்லதம்பி! மழையில் ஊறி, எலும்பெல்லாம் தெரிய நின்றான். பூவாத்தாவின் பொந்து காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பாட்டுச் சத்தம் வந்த திசையில் வந்திருந்தான்.

"பூவாத்தா! நான் என்ன சொன்னேன், நீ என்ன பண்ணியிருக்கே?"

"நீங்க சொன்னதை அப்படியே சொல்லிட்டேன்ணே! எல்லார்கிட்டேயும் ஒரே நேரத்துல! தப்பு வந்துடக் கூடாதுல்ல!"

நரிக்குத் தலை சுற்றியது. ஆனாலும் பல்லை மறைத்துக்கொண்டு சிரித்தான். "சரி, போகட்டும். சத்தம் கேட்டுச் சிறுத்தை வந்துடும். ஒவ்வொருத்தரா வீட்டுக்குக் கிளம்புங்க. வா தங்கச்சி, உன்னை நானே துணைக்கு வந்து விட்டுடறேன்."

பயம் ரொம்ப முற்றினால் வழக்கமாகப் பூவாத்தா என்ன செய்வாள் தெரியுமா? இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, சருகோடு சருகாக அசையாமல் படுத்துவிடுவாள். நரிக்கும் அது தெரியும். படுத்தால் கவ்விக்கொண்டு ஓடிவிடலாம் என்று இன்னும் ஓரடி முன்னால் வந்தான்.

ஆனால் மூன்று சிரட்டைக் காப்பி குடித்த கால்கள் எப்படிப் படுக்கும்?

தடதடதட! தடதடதட! தடதடதட!

"நான் வரலேண்ணே!" என்று கத்தினாள் பூவாத்தா. தன் குரல் அவ்வளவு பெரியது என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

கலகலகல! சடையாண்டி எழுந்து நரிக்கு முதுகைக் காட்டினார். முட்கள் அத்தனையும் விறைத்து நின்றன. "முதுகைக் காட்டுறேன்னு தப்பா நினைக்காதீங்க தம்பி. எங்க வீட்டு மரியாதை இப்படித்தான்!" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்து வந்தார்.

முத்தையா நரியின் காதுக்குப் பக்கத்தில் போய், உள்ள மூச்சையெல்லாம் சேர்த்து ஒரு சீட்டி அடித்தான். நரி திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினான். திருப்பிய மூக்கு நேரே முள்ளில் போய்க் குத்திக்கொண்டது!

"ஆ! அம்மா!"

"காப்பி குடிச்சிட்டுப் போங்கண்ணே!" என்று ராக்காயி சுடுசட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

நல்லதம்பி ஒரு துள்ளுத் துள்ளினான். வாசல் பாறை பாசி பிடித்து வழுக்கியது. சறுக்கினான், உருண்டான், சேற்றில் விழுந்து எழுந்தான். மூக்கில் ஒரு முள்ளோடு மலையிறங்கி ஓடியவன், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மழை மட்டும் விடவில்லை. அது பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது. முத்தையா ராக்காயியின் குகை மாடத்தில் புதுக்கூடு கட்டத் தொடங்கினான். கிழங்கு போன கவலையைச் சடையாண்டி தினமும் சொன்னார். சொல்லி முடித்ததும் சிரட்டையை நீட்டினார்.

பூவாத்தா? அவள் தன் பொந்தில் இருந்த காய்ந்த சருகை வாயில் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து, குகைக்குள் மாமாவுக்கும் அக்காவுக்கும் நடுவில் படுக்கை போட்டுக்கொண்டாள். மாமாவின் பக்கம் மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டாள்! படுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். மூன்று பேரும் பதில் சொன்ன பிறகுதான் கண்ணை மூடுவாள்.

கஷ்டகாலத்தில் பயந்து தனியே ஒளிந்துகொள்பவரைவிட, பயத்தையும் கூட்டிக்கொண்டு நண்பர்களிடம் போய்ச் சேர்பவரே பிழைத்துக்கொள்வார்.