இராணியைத் தும்ம வைத்த சுக்கு பிஸ்கட்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், வெண்குன்றபுரி என்ற நாட்டில், அடுப்புத் தெரு என்ற தெருவில் சுக்கு பிஸ்கட் சுட்டார்கள். அந்தக் காலத்தில் ஏது பிஸ்கட் என்று குறுக்கே கேட்காதீர்கள். இருந்தது. வட்டமாக, மொறுமொறுவென்று, மேலே சுக்கும் மிளகும் சீரகமும் தூவி இருந்தது.

அந்த நாட்டு இராணி பவளமாலையின் சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்டான் கோணவாயன் என்ற மந்திரவாதி. கோலைச் சுழற்றி அவளைப் பச்சைக் கிளியாக்கிவிட்டான்.

"சின்ன வயசில் நீ தின்ற சுக்கு பிஸ்கட்டை உன் நாக்கு மறுபடி கண்டுகொண்டால் சாபம் தீரும். மூன்று பேர் முயலலாம். தோற்றவர் தவளை! மூவரும் தோற்றால் நீ என்றைக்கும் கிளி, நாடு எனக்கு!" என்றான். சின்ன வயசு ருசி யாருக்கும் திரும்பக் கிடைக்காது என்பது அவன் நினைப்பு.

முதலில் அரண்மனைச் சமையல்காரர் வந்தார். நெய்யும் குங்குமப்பூவும் போட்டுச் சுட்டார். கிளி கொத்தியது. "இது அது இல்லை!"

ஒரு தவளை.

அடுத்து அயல்நாட்டுச் சமையல்காரர் வந்தார். முந்திரியும் பன்னீரும் போட்டுச் சுட்டார். கிளி கொத்தியது. "இது அது இல்லை!"

இன்னொரு தவளை.

மூன்றாவதாக, கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு தில்லை வந்தாள். அடுப்புத் தெருக்காரி, இடுப்பில் ஜாடி.

"குங்குமப்பூவாம், பன்னீராம்! அது எங்கள் தெரு பிஸ்கட். எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

"தெருவில் விற்பதை இராணி தின்றிருப்பாளா?" கோணவாயன் இளித்தான்.

"தின்னாமலா அதையே சாபத்தில் வைத்தாய்? தள்ளி நில்லுய்யா!"

ஜாடியில் இருந்ததிலேயே அழகான முழு பிஸ்கட் ஒன்றை நீட்டினாள். கிளி கொத்தியது. தலையைச் சாய்த்தது. மறுபடி கொத்தியது.

"இது அது... இல்லை. ஆனால் கிட்டத்தில் இருக்கிறது."

தில்லைக்குக் காதெல்லாம் சுட்டது. இன்றைக்கும் சுடுவது அவள் அம்மாதான்; அதே அடுப்பு, அதே சுக்கு. எப்படி இல்லாமல் போகும்? கோணவாயன் கோலை ஓங்கினான். தவளைகள் இரண்டும் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டன.

"நிறுத்து! கிட்டத்தில் என்றால் தோல்வியா? எந்த ஊர் நியாயம்?"

"அதானே!" என்றது சபை.

தில்லை கிளியிடம் திரும்பினாள். "மகாராணி, ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அன்றைக்குக் கையில் வாங்கினீர்களா, பாவாடையில் வாங்கினீர்களா?"

"பாவாடையில்தான்! காவலர்களை ஏமாற்றிவிட்டு வெறுங்கையோடு ஓடி வந்தேன். ஓர் அம்மாள் ஜாடியைக் கவிழ்த்துக் கொட்டினாள்."

தில்லை வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வாங்க வந்தவர்களுக்கு முழு பிஸ்கட்டைக் கையில் கொடுப்பது அடுப்புத் தெரு வழக்கம். வெறுங்கையோடு வரும் பிள்ளைகளுக்கு, ஜாடி அடியில் கிடக்கும் உடைசலைப் பாவாடையிலோ துண்டிலோ கொட்டுவார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க மாட்டார்கள். மேலே தூவிய சுக்கும் மிளகும் உதிர்ந்து சேருவதும் அந்த அடியில்தானே!

ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"இராணிக்கு உடைசலா? மானக்கேடு!" என்று கத்தினான் கோணவாயன்.

"என்னய்யா மானக்கேடு? எங்கள் உடைசலைத் தின்று வளர்ந்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். சிம்மாசனத்திலேயே ஒருத்தர் இருந்திருக்கிறார்!"

கிளி அந்தத் தூளுக்குள் மூக்கை விட்டது.

"இது... இது... அச்ச்சூ!"

பச்சை இறகுகள் சபை முழுக்கப் பறந்தன. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய நின்றாள் இராணி பவளமாலை. "இதுதான் அது!"

தவளைகளாயிருந்த இருவரும் சமையல்காரர்களாக எழுந்தார்கள். தோற்றவர் தவளை என்று சொன்னது யார்? கோணவாயனே! அவன் சொல் அவனையே பிடித்தது. தத்தித் தத்திக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

"தில்லை, அரண்மனைக்கு வந்துவிடு. தங்கத்தில் அடுப்பு கட்டித் தருகிறேன்" என்றாள் இராணி.

"மண் அடுப்பு மாதிரி தங்கத்தில் சூடு நிற்காது, மகாராணி. எங்கள் அடுப்பு எங்கள் தெருவிலேயே இருக்கட்டும். நீங்கள் வாருங்கள்."

அரசாங்கக் காட்டு விறகெல்லாம் இனி அடுப்புத் தெருவுக்கே என்று அன்றே முரசு அறைந்தார்கள். மறுநாள் காலை கிரீடத்தைக் கழற்றிவைத்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றாள் இராணி.

"முழுசு தரட்டுமா?" என்று கேட்டாள் தில்லை.

இராணி பட்டு முந்தானையை விரித்து ஏந்தினாள். தில்லை ஜாடியைக் கவிழ்த்தாள். தெருவே சேர்ந்து தும்மியது.