பாவாயி பாக்கற செவுரு

எங்க செல்லாத்தா சாமிக்குத் தாடி கிடையாது. பொம்பளைக்கு ஏது தாடி? சிஷ்யன் ராக்கியப்பனுக்குத்தான் நெஞ்சு வரைக்கும் தொங்கும். சாமியவிட இருபது வயசு மூப்பு. மடத்துக்குப் புதுசா வர்றவங்க நேராப் போயி அவன் கால்ல விழுந்துட்டு, அப்பறமா செல்லாத்தாகிட்ட வந்து, "ஏம்மா, காப்பி கிடைக்குமா?"ம்பாங்க. சாமியும் போட்டுக் குடுக்கும்.

அந்த ராக்கியப்பன் கொஞ்ச நாளா மடத்துப் பக்கமே வரல. ஒரு மத்தியானம் வந்து நின்னான். தாடியெல்லாம் வெள்ளப் பவுடரு.

"என்னப்பா, மாவு மில்லுல கீது விழுந்துட்டியா?"

"சிரிக்காதீங்க சாமி. செவுத்துக்கு ஜிப்சம் போர்டு ஒட்டறனுங்க. மட்டத்துக்கே வர மாட்டேங்குது."

அவம் பொண்டாட்டி பாவாயி படுத்த படுக்கை. இனி வீட்டுலயே வெச்சுப் பாத்துக்குங்கன்னு ஆசுபத்திரில அனுப்பிட்டாங்க. முதுகெல்லாம் புண்ணு. இடது பக்கமாத்தான் படுக்க முடியும். அந்தப் பக்கம் பூசாத செங்கச் செவுரு. "கண்ணத் தொறந்தா இந்த மூளிச் செங்கல்லுதான்யா எம்மூஞ்சில முழிக்குது"ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா. இவன் கெளம்பிட்டான்.

சாமி கூடவே போச்சு. சாமியாவறதுக்கு முன்ன சித்தாளு வேல பாத்த பொம்பள. செவுத்தப் பாத்ததும் சிரிப்பு வந்துருச்சு.

"போர்டு ஒட்டுனியா, அப்பளம் பொரிச்சு ஒட்டுனியா?"

"கழட்டிக் கழட்டி, புதுசாப் பசை அப்பி ஒட்டறனுங்க. இங்க அமுக்குனா அங்க எந்திரிக்குது. அங்க அமுக்குனா இங்க. இத ஒட்டிட்டா உள்ள என்ன இருக்குதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாதுன்னானுங்க கடக்காரன்."

"உள்ள இருக்கற செங்கல்லுக்குத் தெரியுமேப்பா. ஒண்ணு துருத்திட்டிருக்குது. அதக் கொத்தி எடு."

"கொத்துனாத் தூசி பறக்குமுங்க. இவளுக்கு மூச்சு தாங்காது."

"அப்ப விட்டுரு."

"விட்டாக் கோணலுங்க. சாகப்போறவ கோணலப் பாத்துட்டா போகோணும்? நீங்கதான் சொல்லோணும் சாமி. எப்படித்தானுங்க இத நேராக்கறது?"

அதுக்கப்பறம் சாமி சிரிக்கல. கட்டிலப் பாத்துச்சு. பாவாயி முழிச்சுத்தான் இருந்தா.

"இவ என்ன சொல்றா?"

"பேச்சு நின்னு போச்சுங்க."

"எப்பருந்து?"

ராக்கியப்பன் செவுரு நேரா இருக்குதான்னு பாக்கற ரசமட்டத்தக் கையில புடிச்சுட்டே யோசிச்சான்.

"தெரியலீங்க சாமி. போர்டு ஒட்டிட்டு இருந்தனுங்க."

"கடைசியா என்ன பேசுனா?"

"அதுவும்..." மறுபடி போர்டுப் பக்கம் திரும்புனான். "இத மட்டும் முடிச்சுட்டா, அப்பறம் பூரா இவகூடத்தானுங்க உக்காரப் போறேன்."

"சரி. நீ பாட்டுக்கு வேலையப் பாரு. அவளுக்கு எப்படித் தெரியுதுன்னு நான் பாத்துச் சொல்றேன்."

சாமி கட்டில்ல ஏறுச்சு. "கொஞ்சம் எடங்குடு கண்ணு"ன்னு, புண்ணுல படாம பாவாயிக்குப் பொறத்தால ஒடுங்கிப் படுத்துச்சு. அவ தலகாணிலயே தலைய வெச்சுது.

ராக்கியப்பன் ரசமட்டத்த வெச்சுப் பாத்தான். எடுத்தான். ரெண்டு உள்ளங்கையும் குடுத்து அமுக்கினான். ஒரு மூல உள்ள போச்சு, இன்னொரு மூல வெளிய வந்துச்சு.

"ரொம்பக் கோணலாத் தெரியுதுங்களா சாமி?"

பாவாயி மூச்சு மட்டும் விட்டு விட்டுக் கேட்டுச்சு.

"சாமி?"

"கோணல் ஒண்ணும் தெரியலப்பா. செவுரே தெரியல. உம் முதுகுதான் தெரியுது."