பெயர் தெரியாத ஆர்க்கிட்

செருப்பு முனைபோல் பூக்கும் ஆர்க்கிட் தொட்டிகள் இரண்டோடு லூர்தம்மா மலர்க் கண்காட்சிக்கு வந்தாள். பெயர்ச்சீட்டு இல்லாமல் சந்தையில் வாங்கி, வீட்டில் வளர்த்த கலப்பினம். என்ன வகையென்று அவளுக்கே குழப்பம். அதனால் 'பெயர் தெரியாது' என்று எழுதி வைத்தாள்.

நடுவர் தாண்டவமூர்த்தி முகத்தைச் சுளித்தார். "பேரில்லாத செடிக்கு இங்கே இடமில்லை. தூக்கிட்டுக் கிளம்பும்மா."

"ஆசையா வளர்த்தேன். நீங்களே பேர் சொல்லுங்கய்யா, எழுதிடறேன்."

ஒரு தொட்டியிலிருந்த வெளிறிய பூவுக்கு வாய்நிறைய ஒரு பெயர் சொன்னார். மற்றதிலிருந்த கருஞ்சிவப்புப் பூவுக்கு வேறொன்று. "ரெண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை!"

"குழம்புதுங்கய்யா. ஒரே செடியைத்தான் ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணை நிழல்லயும் ஒண்ணை வெளிச்சத்துலயும் வச்சேன். இப்ப எந்தப் பேரை எழுதட்டும்?"

சுற்றி நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நடுவர் இரண்டு தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முதல்ல எழுதினதே இருக்கட்டும்," என்றார்.