விழுங்கிய தணல்

பனிக்கும் மான்களுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், வடகடல் ஓரத்தில் ஹார்கன் என்றொருவன் இருந்தான். கலைமான் வேட்டைதான் பிழைப்பு. மனைவி யெல்லி, மூன்று மகன்கள், ஒரு தோல் கூடாரம், நடுவே ஒரு தீ. அப்பன் மூட்டிய தீ அவன் சாகும்வரை கூடாரத்தைத் தாண்டக் கூடாது, மகன்களும் அதைவிட்டுப் பிரியக் கூடாது என்பது அந்த இனத்தின் வழக்கம்.

பனிக்குத் தீ என்றாலே ஆகாது. அக்கம்பக்கத்துத் தீயையெல்லாம் அணைத்து, ஆட்களையும் விழுங்கிவிட்டது. மிஞ்சியது ஹார்கன் குடும்பம்தான். ஒருநாள் வாசலில் வந்து நின்று, உன் வம்சத்தில் ஒரு பொட்டுகூட இந்த மண்ணில் மிஞ்சாது, தெற்கே ஓடிவிடு என்று மிரட்டியது. கிழட்டுக் கலைமான் ஒன்றும் ஓடிப்போ, ஓடிப்போ என்று நச்சரித்தது. ஹார்கன் அசையவில்லை. பயம் இல்லாமல் இல்லை. வீம்பு அதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

யெல்லிதான் சொன்னாள்: "எல்லாத் தீயும் ஒரே இடத்துல கிடக்கு. அதனாலதானே ஒரே ஊதுல அணைச்சிடலாம்னு அது நிக்குது?"

ஹார்கன் எழுந்தான். பிறகு அந்த இனத்தில் எவனும் துணியாத காரியத்தைச் செய்தான். அப்பன் வழித் தீயைக் காலால் உதைத்துக் கலைத்தான். மகன்கள் பதறிப்போனார்கள். மூன்று தணல்களைப் பொறுக்கினான். கையில் கொடுத்தால் பனிக்காற்று தின்றுவிடுமே!

"வாயைத் திறங்கடா," என்றான்.

ஆளுக்கொரு தணலை விழுங்க வைத்தான். அவர்கள் தொண்டை வெந்தது. மூத்தவன் அழுதேவிட்டான். ஆளுக்கொரு திசையாகப் போங்கள், உங்களுக்குப் பிறக்கும் மகனுக்கு மட்டும் இதைக் கொடுங்கள் என்று சொல்லி, யெல்லியைக் கடைக்குட்டியோடு அனுப்பினான். அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை.

பனி உள்ளே நுழைந்தபோது சாம்பலருகே அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"தீ எங்கே?"

"தேடிப் பாரேன்."

பனி அவனை உறைய வைத்தது. அவன் சிரித்தபடியே உறைந்தான். அது மூன்று திசையிலும் மகன்களைத் துரத்தி ஓடியது. ஓட ஓட மெலிந்தது, விரிசல் விட்டது. மகன்களோ ஒருவன் கடல் தாண்டினான், ஒருவன் ஏரிக்கரையில் மீன் பிடித்தான், ஒருவன் மலை இடுக்கில் குடிசை போட்டான்.

அன்று தொட்டுத்தான் பனி வடக்கு மலை உச்சிகளில் முடங்கிக் கிடக்கிறது. கீழே, கரைக்குக் கரை, ஒருவன் பேச்சு இன்னொருவனுக்குப் புரியாத ஆண்களின் ரத்தத்தில், அதே அப்பனின் பொறி மகன் மகனாக இறங்கிக்கொண்டே இருக்கிறது.