வாசற்படியில் மெழுகு

"எல்லாக் கோயிலும் பூட்டிக் கிடக்கு, சிஸ்டர்."

இன்னாசிமுத்து இதைச் சொன்னபோது சைக்கிளை விட்டு முழுசாக இறங்கக்கூட இல்லை. ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில்.

சிஸ்டர் பெர்னதெத் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தேரிக்காட்டுச் செம்மணல் முடிகிற இடத்தில் இருக்கிறது அந்தத் தியான இல்லம். நாலைந்து அறை, ஒரு சின்னச் செபக்கூடம், ஒரு கிணறு. அங்கே குடியிருப்பது அவர் ஒருத்தர்தான். இன்னாசிமுத்துவுக்குத் தங்கை வயசு. ஆனாலும் மனசு சரியில்லை என்றால் அந்த வட்டாரத்து ஆட்கள் அவரைத் தேடித்தான் போவார்கள்.

"எந்தெந்தக் கோயிலுக்குப் போனிய, அண்ணாச்சி?"

"எதைச் சொல்ல? சைக்கிள் போற ரோட்டுல இருக்கிற பழைய கோயில் எல்லாத்துக்கும் போயாச்சு. கோபுரம் பனைக்கு மேல தெரியுது. ஆசையா மிதிச்சுப் போறேன். போய்ப் பாத்தா பூட்டு தொங்குது."

"பெறவு?"

"பெறவு என்ன. படியில உக்காந்துட்டு வாறேன்."

சிஸ்டர் குழாயை அடுத்த செடிக்கு மாற்றினார்.

இன்னாசிமுத்து அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று பேருந்தில் எழுதிப் போட்டிருக்கும் அல்லவா, அந்தப் பலகையை மனுஷன் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் என்று அவர் மனைவி சலேத்மேரி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் பேச்செல்லாம் அவள்தான். வாசலில் யார் வந்து நின்றாலும், வந்த காரியம் எதுவானாலும், "முதல்ல தண்ணி குடிங்க" என்று செம்பை நீட்டுவாள். செம்பு காலியான பிறகுதான் மற்றதெல்லாம். அவசரத்தில் வந்தவர்களையும் இப்படி நிறுத்தி வைக்கிறாளே என்று இவருக்கு எரிச்சலாக வரும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் சலேத்மேரி போய்ச் சேர்ந்தாள்.

மகன் ஓசூரிலிருந்து வந்தான். அப்பா பொழுதுக்கும் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, தன்னுடைய ரோடு சைக்கிளை விட்டுவிட்டுப் போனான். ஒல்லி டயர், ஆட்டுக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார், தலைக்கு ஒரு ஹெல்மெட். அதில் ஏறியவர்தான். விடிந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார், பொழுது சாயத் திரும்புவார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய்ப் பார்த்தார். பூசை முடிந்ததும் ஆளாளுக்குச் சூழ்ந்துகொண்டு, யாரு சமைக்கா, தனியாவா படுக்கிய என்று கேட்டார்கள். பாசத்தில்தான் கேட்டார்கள். அவருக்குத்தான் தாங்கவில்லை. ஆளில்லாத ஒரு கோயில் போதும், பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டு, அவ எங்க இருக்கா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று அலைந்தார்.

அவர் ஊர் சம்மனசூரிலும் பழைய கோயில் ஒன்று உண்டு. அவர் வீட்டுக்கு நேர் எதிரே. பூசையெல்லாம் இப்போது ரோட்டோரத்துப் புதுக் கோயிலில்தான். பழையதைச் சலேத்மேரி தூத்துத் துடைத்து வைத்திருந்தாள். அவள் போன பிறகு இவர் அந்தத் திசைக்கே முகத்தைத் திருப்புவதில்லை. சைக்கிளை எடுத்தால் தலையைக் குனிந்துகொண்டே தெருவைத் தாண்டிவிடுவார்.

தவக்காலத்தில் ஒரு நாள் திரும்பி வந்தபோது வீட்டு வாசற்படியில் மெழுகு உருகி ஒட்டியிருந்தது. தெருப் பிள்ளைகள் சேட்டை என்று நினைத்துச் செருப்பால் தேய்த்துவிட்டு உள்ளே போனார்.

சரி, அது கிடக்கட்டும்.

சிஸ்டர் பெர்னதெத் தண்ணீரை நிறுத்தினார். கையைத் துடைத்துக்கொண்டு செபக்கூடத்துக்குப் போனார். திறந்திருந்த கதவைச் சாத்தினார். பூட்டினார். சாவியை அங்கியின் பையில் போட்டுக்கொண்டு திரும்பவும் கத்தரிச் செடிக்கு வந்துவிட்டார்.

இன்னாசிமுத்துவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

செபக்கூடத்துப் படியில் போய் உட்கார்ந்தார். சிஸ்டர் அவரைத் தாண்டிக் கிணற்றுக்குப் போனார், வந்தார். முருங்கைக்கீரை ஒடிக்கப் போனார், வந்தார். நடக்கும்போது பையில் சாவி கிலுங்கியது. மத்தியானம் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ஒரு பேச்சு இல்லை. இவரும் பேசவில்லை. வெயில் இறங்கியதும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறு வாரம் வந்தார். கோபம் ஆறவில்லை.

"பகல் பூரா என்னை வெளியில உக்கார வச்சிட்டியளே, சிஸ்டர்."

"நான் எங்க உக்கார வச்சேன்?"

"பூட்டிட்டுப் போனிய."

"பூட்டத்தான் செஞ்சேன். நீங்க என்ன கேட்டிய?"

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"ம்" என்றார் சிஸ்டர்.

அவ்வளவுதான். இன்னாசிமுத்து கொஞ்ச நேரம் பெல்லைத் திருகிக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கோட சரி. இன்னைக்கு எந்தக் கோயில்லயாவது உள்ள போய் முட்டி போட்டா ஆச்சு. இல்லன்னா நாளைக்கே வீட்டை ஒரேயடியாப் பூட்டிட்டு மகன்கிட்ட போயிருவேன். சாமியும் வேண்டாம், சம்மனசூரும் வேண்டாம்."

"சரி, அண்ணாச்சி. பாத்துப் போங்க. காத்து பலமா இருக்கு."

காற்று பலமாகத்தான் இருந்தது. ஆனி மாசத்துக் காற்று. செம்மணலை வாரி ரோட்டின் குறுக்கே போட்டுக்கொண்டிருந்தது. இன்னாசிமுத்து ஹேண்டில்பார் மேல் குனிந்து, கியரைக் குறைத்து, முக்கி முக்கி மிதித்தார். முன்னால் வண்டி இல்லை, பின்னால் வண்டி இல்லை. பேருந்து ஓட்டிய காலத்தில் முதுகுக்குப் பின்னால் எப்போதும் ஐம்பது பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். இப்போது செயின் ஓடுகிற சத்தம் மட்டும். ஒரு ஆட்டு மந்தை வழியில் குறுக்கிட்டபோது, மேய்க்கிறவன் கையைக் காட்டினான். இவர் தலையைக்கூட அசைக்கவில்லை.

முதல் கோயில், உடைந்த கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய மணி தொங்குவதாக ஊரார் சொல்லும் கோயில். பூட்டிக் கிடந்தது.

இரண்டாவது கோயில் சுவரெல்லாம் கடல்பாறை. சுண்ணாம்பு உதிர்ந்து கல்லுக்குள் சிப்பி தெரிந்தது. பூட்டிக் கிடந்தது. பூட்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். உள்ளே புறா படபடத்தது.

பூவரசன்விளைக்குப் போய்ச் சேரும்போது தண்ணீர் பாட்டில் காலி. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. அங்கேயும் ஒரு கோயில், இரட்டைக் கோபுரம், நூறு வருஷத்துக் கதவு, கதவில் பூட்டு. படியில் உட்கார்ந்தார். நாளைக்கு ஓசூர் என்று முடிவு கட்டினார்.

தாகம் மட்டும் முடிவுக்குக் கட்டுப்படவில்லை. எழுந்து, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். நடுத்தர வயசுப் பெண் ஒருத்தி வந்தாள்.

"கொஞ்சம் தண்ணி."

கொண்டுவந்தாள். குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு எட்டு வைத்தவர் நின்றார். நீங்க என்ன கேட்டிய என்று சிஸ்டர் கேட்டது அப்போது போய் நினைவுக்கு வந்தது.

"ஏம்மா, இந்தக் கோயில் சாவி யார்கிட்ட இருக்கும்?"

"எங்க வீட்லதான் இருக்கு. வேற எங்க இருக்கும்? கோயிலை ஒட்டுன வீட்லதான வச்சிருப்பாவ."

அரிசிப் பானைக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு சாண் நீளச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். சொன்னார்.

"சம்மனசூரா? அங்க பழைய கோயிலுக்கு ஒரு நேர்ச்சை இருந்துச்சு எங்களுக்கு. மக பிள்ளைத்தாச்சியா இருந்தா. தவக்காலத்துல ரெண்டு பேரும் வெயில்ல போனோம். கோயில் பூட்டிக் கிடந்துச்சு. சாவி எதிர்த்த வீட்ல இருக்கும், கேளுங்கன்னாவ. அந்த வீட்டைத் தட்டுனோம், தட்டுனோம், ஆளே இல்லை. அந்த வீட்டம்மா செத்துப்போச்சாம். மகராசி, தண்ணி குடுக்காம சாவியே குடுக்க மாட்டாவளாம். வீட்டுக்காரர் எங்கேயோ சைக்கிளை எடுத்துட்டுப் போயிருவாராம்."

இன்னாசிமுத்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"பெறவு என்ன செஞ்சிய?"

"என்ன செய்ய. நேர்ச்சை மெழுகுதிரியைத் திருப்பிக் கொண்டுவர முடியுமா? அந்த வீட்டு வாசல்படியிலேயே கொளுத்தி வச்சோம். அந்தம்மாவுக்கும் சேத்து ஒரு செபம் சொல்லிட்டு வந்தோம்."

அந்த வீடு என் வீடுதான் என்று சொல்ல வாய் எழவில்லை.

"மக?"

"பெத்துட்டா. பொம்பளப் பிள்ளை. நல்லா இருக்கு."

சாவியை அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"உள்ள போகலையா? அவ்வளவு தூரத்துல இருந்து வந்திய."

"வாறேம்மா" என்று சைக்கிளில் ஏறினார்.

திரும்பும்போது காற்று முதுகுக்குப் பின்னால் இருந்தது. அதிகம் மிதிக்கவே இல்லை. ஆட்டு மந்தையைத் தாண்டும்போது மேய்க்கிறவனைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

வீட்டு வாசலில் குனிந்து பார்த்தார். படியின் விரிசலுக்குள் கொஞ்சம் மெழுகு இன்னும் இருந்தது. செருப்பு பட்டுக் கறுத்துப் போயிருந்தது.

கதவுக்குப் பின்னால், ஆணியில், கோயில் சாவி தொங்கியது. சலேத்மேரி தன் சேலைக் கிழிசல் ஒன்றை அதில் முடிச்சுப் போட்டிருந்தாள். எத்தனை வருஷமாகவோ அங்கேதான் தொங்குகிறது. தினமும் அந்தக் கதவைத்தான் இழுத்துப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

அடக்கம் அன்றைக்குக்கூட அழாத மனுஷன். அன்று கதவுக்குப் பின்னால் நின்று, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு சைக்கிளை எடுக்கவில்லை. விடிந்ததும் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். யாரும் வரவில்லை. பூட்டின வீடு என்று அக்கம்பக்கத்து ஊருக்கெல்லாம் தெரிந்துபோயிற்று, யார் வருவார்கள்? செம்பை விளக்கிக் கவிழ்த்து வைப்பார். சாயங்காலம் திரும்பவும் எடுத்து வைப்பார். வீடு முன்னைவிடப் பெரிசாகத் தெரிந்தது.

இப்படியே நாட்கள் போன பிறகு, ஒரு காலையில் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம். கூடை வைத்த பழைய லேடீஸ் சைக்கிள். சிஸ்டர் பெர்னதெத் வேர்த்து வடிந்து நின்றார்.

"ஓசூருக்குப் போயிட்டியளோன்னு நினைச்சேன்."

"போகலை, சிஸ்டர்."

"எதுத்தாப்ல கோயில் இருக்கே. உள்ள போய் முட்டி போட்டியளா?"

"இல்ல."

"ஏன்?"

"யாராவது வந்து கேக்கட்டும்னு இருக்கேன்."

சிஸ்டர் படியை விட்டுத் தெருவுக்கு இறங்கினார். கோயிலைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். புதுசாக வந்தவர் மாதிரி திரும்பி வந்து, திறந்திருந்த கதவைத் தட்டினார்.

"அண்ணாச்சி, இந்தக் கோயில் சாவி யார்கிட்ட இருக்கும்?"

இன்னாசிமுத்து உள்ளே போனார். வர நேரமாயிற்று. வந்தபோது வலது கையில் சாவி இருந்தது.

சிஸ்டர் கை நீட்டினார்.

அவர் இடது கையை நீட்டினார். அதில் செம்பு.

"முதல்ல தண்ணி குடிங்க" என்றார்.