மாப்பிள்ளையின் மூக்கு

சிசிலித் தீவில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர் அருங்காட்சியகத்தின் பின்பக்கம், உடைந்த பானைகளை ஒட்டுவதற்கென்று ஓர் அறை. அங்கே குருவுக்கு முப்பத்தாறு வயது, சீடருக்கு அறுபத்து மூன்று. புதிதாக வருகிறவர்கள் சீடருக்குத்தான் முதலில் வணக்கம் சொல்லுவார்கள். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுவார்.

குருவின் பெயர் நிரோஜினி. யாழ்ப்பாணத்திலிருந்து பிழைக்க வந்த தாய் தகப்பனுக்குப் பலெர்மோவில் பிறந்தவள். பழைய கிரேக்கர்களின் மண்பாண்டங்களைப் பற்றிப் படித்து, அவற்றை ஒட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டவள்.

சீடர் குணரத்தினம் யாழ்ப்பாணத்தில் பாலங்கள் கட்டிய பொறியியலாளர். ஓய்வு பெற்று மகளோடு வந்து சேர்ந்தவர். பாஷை தெரியாத ஊரில் ஒரு மனிதர் எவ்வளவு நேரந்தான் பால்கனியில் நின்று போகிற வருகிற கார்களைப் பார்ப்பது? மகள்தான் பேசி, சம்பளமில்லாத உதவியாளராக அவரை இங்கே சேர்த்துவிட்டாள்.

சேர்ந்த அன்றே அவர் கேள்வியோடு வந்தார்.

"ரீச்சர், இதென்ன பசை? காய ஒரு நாள் எடுக்குது. பிறகு அந்தப் போத்தல் மருந்திலை ஒரு துளி விட்டால் கழண்டு கையோடை வருது. கடையிலை விக்கிற பசை கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ளை பிடிக்கும். யானை கட்டி இழுத்தாலும் அசையாது."

"ஓம் ஐயா, அசையாது."

"அப்ப ஏன் அது வேண்டாம்?"

குரு எழுந்தாள். தேத்தண்ணி வைக்கப் போய்விட்டாள். பதில் தெரியாததால்தான் தேத்தண்ணி என்று குணரத்தினம் முடிவு கட்டினார். ஆனாலும் குரு சொல் தட்டாத சீடர். முணுமுணுத்துக்கொண்டே அந்த நோஞ்சான் பசையால் ஒட்டத் தொடங்கினார்.

அவர் கைக்கு வந்தது சாதாரணப் பானை இல்லை. போன கோடையில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் மண் தூர்ந்த பழைய நீர்த்தொட்டியைத் தோண்டியபோது கிடைத்த துண்டுகள். மதுவோடு தண்ணீர் கலக்கிற பெரிய சாடி, இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷப் பழசு. வயிற்றைச் சுற்றி ஒரு கல்யாண ஊர்வலம் தீட்டியிருந்தது. பெண் வண்டியில் இருக்கிறாள், பந்தம் பிடிக்கிறவர்கள் பின்னால் வருகிறார்கள், மாப்பிள்ளை முன்னால் நடக்கிறான். பத்திரிகைகளில் துண்டுகளின் படம் பெரிதாக வந்தது.

குளிர்காலம் முழுக்க குணரத்தினம் அந்தக் கல்யாண வீட்டில்தான் இருந்தார். இன்றைக்குப் பெண்ணின் கை கிடைத்தது, குதிரையின் வால் கிடைத்தது என்று சாப்பாட்டு மேசையில் செய்தி வாசித்தார். லண்டனில் இருக்கிற தம்பிக்கும் கனடாவில் இருக்கிற மச்சானுக்கும் படம் அனுப்பினார். சாடிக்குக் கீழே வைக்கிற அட்டையில், ஒட்டியவர் என்று அவர் பெயரும் அச்சாகியிருந்தது. இந்த நாட்டில் அதுவரை அவர் பெயர் அச்சில் வந்தது மருந்துச் சீட்டில் மட்டுந்தான். அட்டையைக் கண்ட அன்று அவருக்கு அழுகை வந்துவிட்டது. தும்மல் என்று சமாளித்தார்.

சாடியைக் காட்சிக்கு வைக்கிற திறப்பு விழாவுக்கு முதல் நாள் பின்னேரம். ஒரே ஒரு துண்டு மிச்சம் இருந்தது, மாப்பிள்ளையின் மூக்கு. அதற்கான இடமும் சாடியில் தெரிந்தது. வைத்தார், இறங்கவில்லை. திருப்பி வைத்தார், சரித்து வைத்தார், செல்லமாகத் தட்டியும் பார்த்தார். இடைவெளி ஒரு நெல்லின் தடிப்பளவு ஒடுக்கமாக இருந்தது.

"ரீச்சர், கொஞ்சம் வாறியளோ?"

நிரோஜினி வந்தாள். மூக்கைப் பார்க்கவில்லை. சாடியின் அடியிலிருந்து விரலை மெதுவாக மேலே ஓட்டினாள். அடிப்பக்கம் மயிரிழை விலகியிருந்த ஒரு துண்டில் விரல் நின்றது.

"இது எப்ப ஒட்டினது ஐயா?"

"வந்த புதிசிலை. பசை பிடிக்கத் தொடங்குமட்டும் அழுத்திக்கொண்டிருக்கக் கை உளைஞ்சுது. கொஞ்சம் முந்தி விட்டிட்டன்."

"ம்."

"அது கீழை கிடக்கு ரீச்சர். பிரச்சினை மேலை. நான் ஒரு வழி யோசிச்சு வைச்சிருக்கிறன்." சட்டைப் பையிலிருந்து, மகள் நகம் தேய்க்கிற சின்ன அரத்தை எடுத்தார். "மூக்கின்ரை ஓரத்தை மெல்லமா உரஞ்சினால் போய் இருந்திடும்."

"இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்து மூக்கு ஐயா."

"ஒரு துண்டுதானே மிச்சம். ஆருக்குத் தெரியப்போகுது?"

குரு மீண்டும் அந்த அடிப்பக்கத்தை விரலால் தடவினாள்.

"இல்லாட்டி எல்லாத்தையும் எல்லோ கழட்ட வேணும்? நாளைக்கு மேயர் வாறார். என்ரை மகள் லீவு எடுத்திருக்கிறாள்."

"காலமை பாப்பம்," என்றாள் நிரோஜினி.

மறுநாள் குணரத்தினம் மகளின் கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மகளும் மருமகனும் வெளியே நாற்காலிகளில் முன் வரிசை பிடித்துவிட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் கமெராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே மூக்கு பஞ்சின் மேல் படுத்திருந்தது. அரம் பையில் இருந்தது. குரு இன்னும் வரவில்லை. வராமலே இருந்தால் நல்லது என்று சீடருக்குத் தோன்றியது. அரத்தைக் கையில் எடுத்தார்.

கதவு திறந்தது. நிரோஜினி தன்னுடைய வெள்ளை வேலைக் கோட்டோடு உள்ளே வந்தாள்.

"ஐயா, கத்தரிக்கோல் இருக்கோ?"

"ஏன் ரீச்சர்?"

"என்ரை கோட்டிலை ஒரு பொத்தான் மிச்சமாப் போச்சு. துளையைக் காணேல்லை. வெட்டி எறிவம்."

குணரத்தினம் நிமிர்ந்து பார்த்தார். கோட்டின் ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் கிடந்தது. கழுத்தடியில் ஒரு பொத்தான் போக்கிடமில்லாமல் தொங்கியது. பாலம் கட்டிய கண்ணுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? அவருடைய பார்வை நேராகக் கீழே போனது.

"ரீச்சர், பிழை மேலை இல்லை. அடிப் பொத்தானை இரண்டாம் துளையிலை பூட்டியிருக்கிறியள்."

"அது கீழை கிடக்கு ஐயா. பிரச்சினை மேலை."

"மேலை வெட்டினால் கோணல் போகுமே?"

"ஒரு பொத்தான்தானே மிச்சம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுதே!" குணரத்தினத்துக்குப் பொறுமை போய்விட்டது. இவ்வளவு படித்த பிள்ளைக்கு ஒரு கோட்டைப் பூட்டத் தெரியவில்லையே என்று மனம் எரிந்தது. "எல்லாத்தையும் கழட்டிப்போட்டு அடியிலையிருந்து திரும்பப் பூட்டுங்கோ."

"மேயர் வாசலிலை நிக்கிறார்."

"நிக்கட்டும்."

ஒரு காலத்தில் சீமெந்தில் மண் கலந்த கொந்தராத்துக்காரர்களிடம் பேசிய குரல் அது. அறையில் கொஞ்ச நேரம் நின்றது. அதற்குள் குணரத்தினத்தின் காதில் அவர் சொன்னது அவருக்கே விழுந்துவிட்டது.

கையில் இருந்த அரத்தைப் பார்த்தார். சாடியைப் பார்த்தார். மூக்கில்லாத மாப்பிள்ளை பந்த வெளிச்சத்தில் ஒன்றும் நடக்காததுபோல் நடந்துகொண்டிருந்தான். வெளியே மகள் யாரோடோ சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. அப்பா ஒட்டினது என்று சொல்லிக்கொண்டிருப்பாள். ஒரு குளிர்காலம் முழுவதும் அந்த மேசையில் நின்றது.

அரத்தை மேசையில் வைத்தார். கல்யாணக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். சட்டைக் கையை மடித்தார். போத்தலைத் திறந்து, சாடியின் அடியில், முதல் வாரம் கை உளைந்த இடத்தில், ஒரு துளி விட்டார். கொஞ்ச நேரத்தில் பசை இளகியது. துண்டு ஒரு கீறலும் படாமல் உள்ளங்கையில் வந்து இருந்தது.

"வந்திட்டுது ரீச்சர்," என்றார்.

நிரோஜினி அவருக்குப் பக்கத்தில் நின்று தன் கோட்டை ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நல்ல காலம் ஐயா," என்றாள். "இந்தக் கோட்டைத் தைச்சவன் முன்பக்கத்தை யானை இழுத்தாலும் அசையாத மாதிரி நூலாலை மூடித் தைக்காமல் விட்டிருக்கிறான்."